வன்னிக்கு வந்த நிறுவனங்கள்: கொடுத்தது என்ன, கடமை என்ன?

காலை ஆறரை மணி. ஏ9 வீதியில் கிளிநொச்சி நகரைக் கடந்து முறிகண்டிப் பக்கம் வரும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அறிவியல் நகருக்குள் திரும்புகின்றன. தருமபுரம், விசுவமடு, அக்கராயன் என்று உள்ளூர்களில் விடியமுன்னமே ஏறிய பெண்கள் உள்ளே இருக்கிறார்கள். தலைமுழுகி இன்னும் காயாத கூந்தல், மடியில் சோற்றுப் பார்சல். சிலர் யன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து மிச்ச நித்திரையைக் கொள்கிறார்கள். இறங்கியதும் அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேகமாக நடக்கிறார்கள். பிந்தினால் வருகைப் படி போய்விடும்.

அதே அறிவியல் நகரில் இன்னொரு வாசல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம், விவசாய பீடம், தொழில்நுட்ப பீடம் மூன்றும் இங்கேதான். இலங்கை–ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் பக்கத்தில். முதுகில் மடிக்கணினிப் பையோடு மாணவர்கள் சைக்கிளில் வந்து சேர்கிறார்கள்.

ஒரு வாசலுக்குள் வன்னிப் பெண்கள் வெளிநாட்டு பிராண்டுகளுக்கு விளையாட்டு உடை தைக்கிறார்கள். மற்ற வாசலில் படித்து முடிக்கிற பொறியியலாளர் பலர் பட்டம் கிடைத்த கையோடு கொழும்புக்கு இரவு பஸ் ஏறுகிறார்கள். இன்னும் சிலர் நேரே கட்டுநாயக்கவுக்கு. கிளிநொச்சியில் படித்த படிப்புக்குக் கிளிநொச்சியில் வேலை தரும் தொழில்நுட்ப நிறுவனம் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கிவிடும்.

பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்ற பேச்சு வன்னிக்குப் புதிதில்லை. 2009க்குப் பிறகு புத்தகப் பையிலும் குடிநீர்த் தாங்கியிலும் முன்பள்ளிச் சுவரிலும் ஏதாவது ஒரு நிறுவனத்தின் சின்னத்தைப் பார்த்தே இங்கே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. இப்போது அந்தப் பேச்சு மறுபடி சூடு பிடித்திருக்கிறது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் மூன்றுக்கும் கைத்தொழில் வலயங்கள் அறிவிக்கப்பட்டன. மூன்றில் இரண்டு வன்னியில். வரப்போகிறவர்கள் யார், எங்களுக்கு என்ன செய்வார்கள் என்று தேநீர்க் கடையில் இருந்து கமக்காரர் அமைப்புக் கூட்டம் வரை கேட்கிறார்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு தொழில்நுட்ப நிறுவனம் வன்னிக்குச் செய்யவேண்டிய மிகப் பெரிய கடமை அதன் சொந்தத் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. சிக்னல் விற்பவர் ஒதுக்குப்புறக் கிராமத்துக்கும் சிக்னல் கொடுக்க வேண்டும். எச்சரிக்கை அனுப்புபவர் தமிழில், நேரத்துக்கு அனுப்ப வேண்டும். வேலை தருபவர் குடும்பம் சீவிக்கக்கூடிய சம்பளம் தரவேண்டும். புத்தகப் பை அதற்குப் பிறகு.

2009க்குப் பின்

போர் முடிந்தபோது வன்னிச் சனத்தில் மூன்று லட்சத்துக்குக் கிட்டவானோர் முகாம்களுக்குள் இருந்தார்கள். செட்டிகுளம் மனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில்தான் முற்றாக மூடப்பட்டது. ஊர் திரும்பியவர்களை வரவேற்றவை கூரையில்லாத சுவர்களும் கண்ணிவெடியை எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகைகளும். அதே காலத்தில் ஏ9 ஓரமாக வங்கிக் கிளைகளும் குத்தகைக் கம்பனிகளும் கைபேசிக் கோபுரங்களும் முளைத்தன.

அதற்கு முன் வன்னியில் பெருந்தொழில் என்று சொல்ல இருந்தது பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை. 1950களில் அரசு தொடங்கியது, 1980களின் நடுப்பகுதியில் போரால் நின்றது. அதன் பிறகு கால் நூற்றாண்டுக்கு வயலும் கடலும் காடுமே பிழைப்பு. ஆகவே 2009க்குப் பின் வந்த ஒவ்வொரு நிறுவனமும் சனத்துக்குப் பெரிதாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

நாட்டின் மிகப் பெரிய ஆடை உற்பத்தியாளரான மாஸ் ஹோல்டிங்ஸ் கிளிநொச்சியில் வானவில், விடியல் என்ற பெயர்களில் தொழிற்சாலைகளை அமைத்தது. மலேசியாவின் ஆசியாட்டா குழுமத்தைத் தாயகமாகக் கொண்ட டயலொக், வடக்கு முழுவதும் கோபுரங்களை நாட்டியது. ஜோன் கீல்ஸ் குழுமத்தின் அறக்கட்டளை, போரின் கடைசி நாட்களைக் கண்ட இரணைப்பாலையையும் புதுமாத்தளனையும் தன் கிராமத் தத்தெடுப்புத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது. ஒரு நாள் வந்து பொதி கொடுத்துவிட்டுப் போகாமல், ஒரு கிராமத்தை எடுத்து ஆண்டுக்கணக்காகத் தொடரும் அந்த முறை நல்லது என்றே நான் நினைக்கிறேன். மற்றவர்களும் அதைப் பார்த்துப் படிக்கலாம்.

■ பெட்டிச் செய்தி: எண்களில் வன்னி

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பு: வவுனியா 1,72,115, கிளிநொச்சி 1,13,510, முல்லைத்தீவு 92,238.

2012/13 வீட்டு வருமான, செலவினக் கணக்கெடுப்பில் நாட்டிலேயே வறுமை கூடிய மாவட்டம் முல்லைத்தீவு: 28.8 வீதம். தேசிய சராசரி 6.7 வீதம்.

2016 இல் முதலிடம் கிளிநொச்சிக்கு: 18.2 வீதம். தேசிய சராசரி 4.1 வீதம்.

2019 இல் புதிய வறுமைக் கோட்டின்படி மீண்டும் முல்லைத்தீவு: 44.5 வீதம். தேசிய சராசரி 14.3 வீதம்.

நாடா வெட்டிய அறை

வன்னியின் உட்புறப் பாடசாலைகள் பலவற்றில் ஓர் அறை உண்டு. கதவுக்கு மேலே பெயர்ப்பலகை. அதில் அன்பளிப்புச் செய்த நிறுவனத்தின் சின்னம், திறந்துவைத்த பிரமுகரின் பெயர், திகதி. உள்ளே சுவரோரமாகப் பத்துப் பன்னிரண்டு கணினிகள், பூப்போட்ட சீலைத் துண்டால் மூடியபடி. சீலையைத் தூக்கினால் விசைப்பலகையின் இடுக்குகளில் செம்மண் தூசி. கீழே யூபிஎஸ் பெட்டிகள். அவற்றின் பற்றரி இரண்டு மூன்று வருடத்தில் செத்துவிடும். வன்னி வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அதற்கும் முன்னமே. பற்றரி செத்த பிறகு கரண்ட் போகும்போதெல்லாம் கணினி சடாரென்று நிற்கும். அப்படி நின்று நின்று ஒவ்வொன்றாகக் கண்ணை மூடும். கடைசியில் ஓடக்கூடியவை இரண்டு. முப்பது பிள்ளைகள் அந்த இரண்டைச் சுற்றி நிற்பார்கள். முன்னால் நிற்பவன் மவுசைப் பிடிப்பான், பின்னால் நிற்பவள் எட்டிப் பார்ப்பாள்.

இதில் அதிபரைக் குறை சொல்லிப் பயனில்லை. பற்றரி மாற்றப் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் காசில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வர எவ்வளவு காலமாகும் என்பதை வலயக் கல்விப் பணிமனையாலும் சொல்ல முடியாது. தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பிள்ளைகள் கரும்பலகையில் படித்தே சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறார்கள். நாடா வெட்டிய படம் நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வந்துவிட்டது. நான்காம் வருடம் அந்த அறை எப்படி இருந்தது என்பதற்கு அதே ஆண்டறிக்கையில் ஒரு பந்தி இருக்க வேண்டும். கணினி கொடுக்கும் நிறுவனம் அதோடு ஐந்து வருடத்துக்கான பற்றரியும், பழுதுபார்க்க வருடத்துக்கு இருமுறை வரும் ஒருவரின் பயணச் செலவும் சேர்த்துக் கொடுத்தால் பத்துக் கணினிக்குப் பதில் ஆறு கொடுத்தாலும் போதும்.

அரச திட்டமும் இதே பாடத்தைக் காட்டியிருக்கிறது. 2000களின் நடுப்பகுதியில் உலக வங்கி உதவியோடு நெனசல என்ற கிராமிய இணைய நிலையங்கள் தொடங்கின, தமிழில் அறிவகம். எண்ணிக்கை ஏறத்தாழ ஆயிரம் வரை போனது. அதன் நூலகப் பிரிவுக்கு 2014 இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து லட்சம் டொலர் விருது கிடைத்தது; மைக்ரோசொவ்ற் நிறுவனமும் மென்பொருளும் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தது. பெருமைப்பட வேண்டிய விடயம்தான். ஆனால் அந்த விருது கிடைத்த காலத்திலேயே கையில் ஸ்மார்ட் போன் வந்துகொண்டிருந்தது. மின்கட்டணமும் இணையக் கட்டணமும் ஊரே கட்டவேண்டிய நிலை வந்ததும் பல நிலையங்கள் தளர்ந்தன. உள்ளூரில் ஒரு சனசமூக நிலையமோ கோவிலோ நூலகமோ தாங்கிக்கொண்டவை நின்றன. தாங்க ஆளில்லாதவை போயின.

குளக்கட்டில் ஒரு வகுப்பறை

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது இந்தக் கணக்கெல்லாம் ஒரே நாளில் வெளிச்சத்துக்கு வந்தது. நாடு முழுவதிலும் ஐந்து வீட்டுக்கு ஒன்றில்தான் கணினி இருந்தது. வன்னியில் படிப்பு வட்ஸ்அப்பில் வந்தது. அதுவும் வீட்டில் இருக்கும் ஒரே போனில். தகப்பன் வயலுக்கோ கடலுக்கோ அதைக் கொண்டுபோனால் அவர் பின்னேரம் வரும்வரை பாடம் இல்லை. மூன்று பிள்ளைகள் இருந்தால் சாதாரண தரம் எழுதும் பிள்ளைக்கு முதல் உரிமை. வீட்டுக்குள் கவரேஜ் கிடைக்காத ஊர்களில் பிள்ளைகள் உயரம் தேடிப் போனார்கள். வன்னியில் உயரம் என்றால் குளக்கட்டுத்தான். கட்டின் மேலே மருத மரத்தடியில் போனை உயர்த்திப் பிடித்து, ஆசிரியர் அனுப்பிய வினாத்தாள் படம் இறங்கும்வரை காத்திருந்து, இறங்கியதும் கொப்பியில் பார்த்தெழுதிக்கொண்டு இருட்டமுன் வீட்டுக்கு வருவார்கள். பக்கத்துக் காட்டில் யானை இருக்கும் ஊர்களில் தாய்மார் கூடவே போனார்கள்.

தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அந்த நேரத்தில் செய்த ஒரு நல்ல காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். லேர்ன் எனப்படும் பல்கலைக்கழக வலையமைப்பு வழியாக மாணவர்கள் ஸூம் விரிவுரைகளை டேட்டா கட்டணம் இல்லாமல் கேட்க முடிந்தது. கல்வி அமைச்சின் இ–தக்சலாவ தளமும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. நிவாரணப் பொதியை விட ஆயிரம் மடங்கு பெறுமதியான உதவி அது. ஏனென்றால் நிறுவனம் தன் கையில் இருக்கும் பொருளையே, தேவைப்பட்ட நேரத்தில், தேவைப்பட்டவருக்குக் கொடுத்தது. ஆனால் பாடசாலைப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் படித்தது இ–தக்சலாவவில் அல்ல, வட்ஸ்அப்பில். அதற்கு ரீலோட் போடவேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த சலுகை ஆறாம் வகுப்புக்குக் கிடைக்கவில்லை.

டயலொக் அதற்கு வெகுமுன்பே நெனச என்ற பெயரில் பாடசாலைகளுக்குச் செய்மதி வழிக் கல்வி அலைவரிசைகளை நடத்தியது; சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு ஒன்று. கல்வி அமைச்சோடு சேர்ந்து செய்த வேலை. தமிழுக்குத் தனி அலைவரிசை என்பது சாதாரணமாக நடக்கிற காரியம் இல்லை. ஒட்டுசுட்டானில் இருக்கும் பிள்ளை கொழும்பில் இருக்கும் கணித ஆசிரியரின் பாடத்தைத் தன் மொழியில் கேட்கிறது. கணித, விஞ்ஞான ஆசிரியர் வெற்றிடம் வருடக்கணக்காக நிரம்பாத வலயங்களில் இதன் அருமையை அதிபர்களிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

கோபுரக் கணக்குக்கு வருவோம். ஒரு கோபுரம் நாட்டக் காணி, இரும்பு, மின் இணைப்பு, ஜெனரேற்றர், டீசல், காவல் எல்லாம் வேண்டும். ஐயாயிரம் பேர் இருக்கும் சந்தியில் அது காசைத் திருப்பித் தரும். முந்நூறு குடும்பம் இருக்கும் காட்டோரக் கிராமத்தில் தராது. ஆகவே சந்தைக் கணக்கு மட்டும் பார்த்தால் கரைத்துறைப்பற்றின் ஒதுக்குப்புறங்களுக்கு எப்போதும் ஒரு கோடு சிக்னல்தான். இந்த இடைவெளியை நிரப்புவதற்குத்தான் சமூகப் பொறுப்பு நிதி போகவேண்டும். 2024 இல் டயலொக் நிறுவனம் எயார்டெல் லங்காவை வாங்கியபின் நாட்டில் கைபேசிச் சேவை தருபவர்கள் மூன்றாகக் குறைந்துவிட்டார்கள். போட்டி குறையும்போது பொறுப்பு கூட வேண்டும் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் வற்புறுத்த இதைவிட நல்ல நேரம் இல்லை.

■ பெட்டிச் செய்தி: பலூனில் வந்த வாக்குறுதி

2015 ஜூலை 28: நாடு முழுவதும் பலூன் மூலம் இணையம் தர, கூகுளின் லூன் திட்டத்தோடு இலங்கை அரசு உடன்படிக்கை செய்தது.

2016 பெப்ரவரி: சோதனைப் பலூன் நாட்டின் வான்பரப்புக்குள் வந்தது. ஒன்று கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் இறங்கியது. அதன்பின் அலைவரிசை ஒதுக்கீட்டுச் சிக்கலில் திட்டம் நின்றது.

2021 ஜனவரி: தாய் நிறுவனமான அல்பபெற், லூனை உலகளாவிய ரீதியில் மூடியது.

2025 ஜூலை 2: ஸ்ரார்லிங்க் செய்மதி இணையம் இலங்கையில் தொடங்கியது. மாதக் கட்டணம் பத்தாயிரம் ரூபாவைத் தாண்டும். கருவிக்குத் தனிக் காசு.

எச்சரிக்கை எந்த மொழியில்?

2004 டிசம்பர் 26 இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கடலோடு போனார்கள். ஒரு மணித்தியாலம் முன்னதாக ஒரு செய்தி வந்திருந்தால் என்று நினைக்காத கரையோரக் குடும்பம் இல்லை. அந்த அழிவின் பின் மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் டயலொக்கும் சேர்ந்து, கைபேசி வழியே பேரிடர் எச்சரிக்கை அனுப்பும் வலையமைப்பு ஒன்றை உருவாக்கி 2009 இல் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோடு இணைத்தன. ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு எப்படி இருக்கவேண்டும் என்று யாராவது கேட்டால் நான் காட்டும் முதல் உதாரணம் இது. வெள்ளத்துக்குப் பிறகு கொடுக்கும் உலர் உணவை விட, வெள்ளத்துக்கு முன் வரும் ஒரு குறுஞ்செய்தி மேலானது.

ஆனால் செய்தி புரிந்தால்தான் எச்சரிக்கை. 2018 டிசம்பரில், புனரமைத்த இரணைமடுக் குளம் கோலாகலமாகத் திறக்கப்பட்ட அதே மாதம், 21ஆம் 22ஆம் திகதிகளில் கொட்டிய மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மிதந்தன. வான்கதவு எப்போது திறந்தது, யாருக்கு எப்போது சொன்னார்கள் என்ற சர்ச்சை அதன்பின் மாதக்கணக்கில் ஓடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் உத்தியோகபூர்வ எச்சரிக்கைகள் தமிழில் பிந்தியும் குறைந்தும் வந்தன என்ற குறை வலுவாக எழுந்தது. அரச நிறுவனத்தின் தவறு அது என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒதுங்க முடியாது. எந்தக் கோபுரத்துக்குக் கீழே எந்த மொழி பேசுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். விளம்பரக் குறுஞ்செய்தி ஒழுங்கான தமிழில் வருகிறது. அதை எழுதுகிற ஆட்களை வைத்தே குளம் வான் பாயப்போகும் செய்தியையும் தமிழில் ஆயத்தமாக வைத்திருக்கலாம். இடத்தின் பெயரையும் நேரத்தையும் மட்டும் நிரப்பினால் போதும்.

மொழியைப் புறக்கணித்தால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு 2018 மார்ச்சில் கண்டியில் பார்த்தது. முஸ்லிம்களுக்கு எதிராகச் சிங்களத்தில் பரவிய வெறுப்புப் பதிவுகளைப் பார்த்து நீக்கப் போதிய ஆள் பேஸ்புக்கிடம் இருக்கவில்லை. கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. 2020 மே மாதம் அந்த நிறுவனம் தன் பங்குக்கு மன்னிப்புக் கேட்டது. உள்ளூர் மொழி தெரிந்த ஆளை வேலைக்கு வைப்பது எந்த அறச்செயலுக்கும் முந்திய கடமை.

வயலில் ஒரு நல்ல முயற்சி நடந்திருக்கிறது. 2015 இல் விவசாயத் திணைக்களத்தோடு சேர்ந்து டயலொக் தொடங்கிய உழவர் தோழன் சேவை, நிலப் பண்படுத்தலில் இருந்து அறுவடை வரை அந்தந்தக் கட்டத்துக்கான ஆலோசனையைக் குரல் செய்தியாகக் கமக்காரரின் போனுக்கே அனுப்பியது. எழுத்துக் கூட்டிப் படிக்கக் கஷ்டப்படும் முதியவரும் காதில் வைத்துக் கேட்கலாம். சிங்களத்தில் கொவி மித்துரு, தமிழில் உழவர் தோழன். 2018 கடைசியில் சோளத்தைத் தின்ன வந்த படைப்புழு, 2021 இல் திடீரென்று வந்த இரசாயன உரத் தடை என்று கமக்காரர் அடுத்தடுத்து அடிவாங்கிய காலத்தில், கமநல சேவை நிலையத்தில் ஒரு விவசாயப் போதனாசிரியர் எத்தனை வயலுக்குப் போக முடியும்? நெத்தலியாற்றுப் பக்கம் நெல் விதைத்தவருக்கும் முழங்காவிலில் தோட்டம் செய்பவருக்கும் மழையும் மண்ணும் ஒன்றல்ல. அதையும் பிரித்துச் சொல்லும் அளவுக்கு இத்தகைய சேவைகள் வளர வேண்டும். அதற்கு அறிவியல் நகர் விவசாய பீடத்தை விடப் பொருத்தமான பங்காளி யார்?

தையல் மேசை தந்ததும் எடுத்ததும்

அறிவியல் நகர்த் தொழிற்சாலைகளைப் பற்றி ஊரில் இரண்டு குரல்கள் உண்டு. இரண்டும் உண்மை.

போரில் கணவனை இழந்த பெண்ணுக்கும், மூத்த பிள்ளையாகக் குடும்பத்தைத் தூக்கும் பெண்ணுக்கும் மாதம் முடிய வங்கிக் கணக்கில் விழும் சம்பளம் சின்ன விடயமில்லை. நுண்கடன் கம்பனிக்காரர் வாரம் தவறாமல் வாசலில் வந்து நின்ற ஊர்கள் இவை. அந்தக் கடனின் பாரம் எவ்வளவு என்றால், 2018 இல் அரசே தலையிட்டு ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. கையில் நிரந்தர வருமானம் உள்ள பெண் அந்த வாசலில் தலை நிமிர்ந்து பேசுவாள். மாஸ் நிறுவனம் 2003 இல் தொடங்கிய பெண்கள் மேம்பாட்டுத் திட்டம் உலக அளவில் பேசப்பட்டதும் வெறும் விளம்பரம் என்று தள்ளிவிடக் கூடியதல்ல.

மற்றக் குரல் வேறு கேட்கிறது. விடியமுன் போய் இருட்டியபின் வரும் தாயின் பிள்ளையை யார் பார்ப்பது? நின்றபடியே நாள் முழுக்க வேலை செய்தால் நாற்பது வயதில் இடுப்பு என்னாகும்? இலக்கை எட்டாத நாளில் என்ன பேச்சு விழுகிறது? இலங்கை ஆடைத் தொழிலாளர் பற்றி நீண்டகாலம் ஆராய்ந்த கஞ்சன ருவன்புர, போருக்குப் பிந்திய வடக்கு, கிழக்கில் ஆடைத் தொழில் எந்த அரசியல் சூழலில் வந்து அமர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார். குற்ற உணர்வின்றி அணியக்கூடிய ஆடை என்று இந்தத் தொழில்துறை 2006 முதல் உலகச் சந்தையில் சொல்லி வருகிறது. அந்தச் சொல்லைக் காப்பாற்றும் கணக்கு சம்பளத் துண்டில்தான் இருக்கிறது. 2026 ஜனவரி முதல் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 30,000 ரூபா. மூன்று பிள்ளைகளோடு தனித்து வாழும் தாய் ஒருத்தியின் அரிசி, பால்மா, ரியூசன், பஸ் செலவை அதன் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எவ்வளவு போதாது என்பது எவருக்கும் விளங்கும்.

ஒற்றைத் தொழிலில் தொங்குவதன் பயமும் உண்டு. 2025 ஏப்ரலில் அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 வீத வரி என்று அறிவித்தபோது கிளிநொச்சியில் பல வீடுகளில் நித்திரை போயிருக்கும். பேச்சுவார்த்தைக்குப் பின் அது 20 வீதத்துக்கு இறங்கியது. அதே வருடம் மே மாதம் கட்டுநாயக்கவில் ஒரு பெரிய ஆடைத் தொழிற்சாலை திடீரென்று மூடியதில் ஏறத்தாழ 1,400 பேர் வேலை இழந்தார்கள். கட்டுநாயக்கவில் வேலை போனால் பக்கத்தில் இன்னொரு வாசலைத் தட்டலாம். கிளிநொச்சியில் தட்ட வாசல் இல்லை.

மத்தளம்பாறை சொல்வது

இன்னொரு வாசல் எப்படித் திறக்கும் என்று பார்க்கக் கடல் கடந்து தமிழ்நாட்டின் தென்காசிக்குப் போவோம். மேற்குத் தொடர்ச்சி மலையடியில் மத்தளம்பாறை என்ற ஊர். 2011 இல் ஸோஹோ நிறுவனம் அங்கே அலுவலகம் திறந்தது. உலகம் முழுக்க விற்கும் மென்பொருளை வயல் சூழ்ந்த அந்த ஊரில் இருந்து எழுதுகிறார்கள். அதற்கு முன்பே, 2000களின் நடுப்பகுதியில், பள்ளிப் படிப்போ டிப்ளமாவோ முடித்த பிள்ளைகளை எடுத்து உதவித்தொகை கொடுத்து மென்பொருள் கற்பித்து வேலைக்கும் எடுக்கும் பள்ளி ஒன்றை அந்த நிறுவனம் தொடங்கியிருந்தது. அதன் நிறுவனர் சிறீதர் வேம்புவின் அரசியல் கருத்துகளோடு ஒருவர் உடன்படலாம், படாமல் போகலாம். வேலை ஊருக்கு வரலாம் என்று அவர் காட்டியதை யாரும் மறுக்க முடியாது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இதற்கு வேண்டியவை இருக்கின்றன. 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். அறிவியல் நகரில் பொறியியல் பீடம். ஏ9 வழியாகப் போகும் ஒளிநார்க் கம்பி. கொழும்பிலும் பெங்களூரிலும் நியூயோர்க்கிலும் உள்ள நிறுவனம் ஐம்பது மேசையை இங்கே போட்டால், அந்த ஐம்பது பேரின் சம்பளம் இந்த ஊர்க் கடைகளில் செலவாகும். அவர்களைப் பார்த்து வளரும் தம்பி தங்கைகளுக்கு உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுக்க ஒரு காரணம் கிடைக்கும்.  இதற்கு முக்கியமாகத் தேவைப்படுவது முகாமையாளர் ஒருவர் கிளிநொச்சியில் குடியிருக்கச் சம்மதிப்பது.

ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது நம் வணிகருக்குப் புதிதும் இல்லை. நாட்டுப்புறச் சந்தைகளில் விற்ற ஒவ்வொரு மூடைக்கும் ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்துப் பள்ளியும் குளமும் கோவிலும் நடத்திய வழக்கம் தமிழ் வணிகரிடம் நீண்ட காலம் இருந்தது. விருதுநகரில் வீட்டுக்கு வீடு எடுத்த பிடியரிசியில் நடந்த சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார். மகமையின் கணக்கு ஊர்ச் சபையில் வாசிக்கப்பட்டது. எந்தப் பள்ளிக்குக் கூரை வேண்டும் என்பதை அந்த ஊர்க்காரரே தீர்மானித்தார்கள். இன்றைய சமூகப் பொறுப்புத் திட்டங்கள் பலவற்றில் காணாமல் போயிருப்பது அந்தச் சபைதான்.

■ பெட்டிச் செய்தி: சட்டம்

இந்தியா: 2013 கம்பனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில். நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி இந்திய ரூபா – இவற்றில் ஒன்றைத் தொட்ட நிறுவனம், கடந்த மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 வீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். ஆனால் பணத்தின் பெரும்பங்கு தலைமையகங்களும் ஆலைகளும் உள்ள மாநிலங்களிலேயே குவிகிறது.

இலங்கை: இப்படியான கட்டாய விகிதம் எதுவும் இல்லை. நிறுவனம் விரும்பினால் செய்யும்.

பரந்தனும் மாங்குளமும்

ஆகவே இங்கே கேட்க வேண்டியதை முன்கூட்டியே கேட்க வேண்டும். வலயத்துக்குள் வரும் நிறுவனத்திடம் வரிச்சலுகை கொடுக்கும் அரசு, அதே தாளில் சில வரிகளையும் எழுதலாம். மேசைகளில் எத்தனை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பிள்ளைகளுக்கு, மேற்பார்வையாளர், பொறியியலாளர் பதவிகளில் எத்தனை. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் பிள்ளைப் பராமரிப்பு நிலையம் உண்டா. ஒப்பந்தமும் சம்பளத் துண்டும் பாதுகாப்பு அறிவித்தலும் தமிழில் வருமா. நிலத்தடி நீரில் எவ்வளவு எடுக்கும், கழிவு எங்கே போகும். பரந்தனில் முன்பு குளோரீனும் கோஸ்ரிக் சோடாவும் செய்தவர்கள் என்பதால் இந்தக் கடைசிக் கேள்வி அங்கே மிகவும் முக்கியம். சுற்றிலும் இருப்பவை இரணைமடுத் தண்ணீரில் விளையும் வயல்கள்.

மாங்குளம் ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம், ரயிலும் உண்டு. பொதி இறக்கி ஏற்றும் களஞ்சியமாக மட்டும் அது முடிந்துவிடக் கூடாது. முல்லைத்தீவு மீனும் ஒட்டுசுட்டான் நிலக்கடலையும் பெறுமதி கூட்டி வெளியே போகும் இடமாக வரவேண்டும் என்றால், கடற்றொழிலாளர் சங்கங்களும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் திட்டம் வரையும் கட்டத்திலேயே கதிரை கேட்க வேண்டும். அடிக்கல் நாட்டும் அன்று கிடைப்பது வரவேற்பு மாலை போடும் வாய்ப்பு மட்டுமே.

கேட்பதற்கு ஒரு வழி சட்டத்திலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி இந்நாட்டுப் பிரசை எவரும் அரச நிறுவனத்திடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம், தகவல் அலுவலர் பதினான்கு வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்லவேண்டும். பரந்தன், மாங்குளம் வலயங்களுக்கு எந்தெந்த நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது, எவ்வளவு காணி, என்ன சலுகை, என்ன நிபந்தனை – இந்த நான்கு கேள்விகளும் ஒரு கடதாசியில் அடங்கும். கரைச்சிப் பிரதேசத்தின் ஒரு கமக்காரர் அமைப்பும் மாங்குளத்தின் ஒரு மாதர் சங்கமும் இந்த மாதமே அதை முதலீட்டுச் சபைக்கு அனுப்பிவைக்கலாம்.